கடலை ஓதுகிறோம்; கடலைக் காட்டுகிறோமா?





கோடை விடுமுறை தொடங்கியதும் ஆலிம்களிடம் கேட்கப்படும் கேள்விகளின் போக்கு மாறிவிடுகிறது. தொழுகை, ஜகாத், தலாக் பற்றிய கேள்விகளுக்கு நடுவே, சற்றுத் தயக்கத்துடன் ஒரு கேள்வி வருகிறது: "ஹஜ்ரத், குடும்பத்தோடு கடற்கரை விடுதி ஒன்றில் இரண்டு நாள் தங்கி வரலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அது கூடுமா?"

கூடும் என்பதே இதற்கான பதில். தொழுகை தவறாமல், விலக்கப்பட்டவை கலக்காமல், வீண்விரயம் இல்லாமல் மேற்கொள்ளும் எந்தப் பயணமும் அடிப்படையில் ஆகுமானதே. தடை உண்டு என்று சொல்பவரே அதற்குரிய ஆதாரத்தைக் காட்ட வேண்டும். ஆனால் இந்தக் கேள்வி கேட்கப்படும் விதம் நம் சிந்தனைக்குரியது. திருமண மண்டபத்திற்கு முன்பணம் கட்டும்போது எவரும் "இது கூடுமா" என்று கேட்பதில்லை. வாசலில் வாழைமரமும் வண்ண விளக்கும் கட்டும்போது கேட்பதில்லை. வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இரண்டு நாள் கடற்காற்று வாங்க வேண்டும் என்னும்போதுதான் மார்க்கம் நம் நினைவுக்கு வருகிறது. இந்த முரணை எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஓதும் கடலும் காணாத கடலும்

குர்ஆனில் கடல் எத்தனை இடங்களில் எவ்வளவு விரிவாகப் பேசப்படுகிறது என்பதை ஓதுபவர்கள் அறிவார்கள். கடலை நமக்கு வசப்படுத்தித் தந்ததையும், அதிலிருந்து புத்தம் புதிய இறைச்சியை நாம் உண்பதையும், அணியும் ஆபரணங்களை அதிலிருந்து எடுப்பதையும், நீரைக் கிழித்துச் செல்லும் கப்பல்களையும் அந்நஹ்ல் அத்தியாயம் (16:14) ஒரே வசனத்தில் அடுக்கிக் காட்டுகிறது. முகடுகளைப் போல எழுந்து மூடும் அலைகளுக்கு நடுவே மனிதன் கலப்பற்ற உள்ளத்தோடு இறைவனை அழைப்பதை லுக்மான் அத்தியாயம் (31:32) சித்திரிக்கிறது. இறைமறுப்பாளரின் செயல்களுக்கு, அலைமேல் அலையும் அதன்மேல் மேகமும் கவிந்த ஆழ்கடலின் இருளை அந்நூர் அத்தியாயம் (24:40) உவமையாக்குகிறது.

இவற்றை நாள்தோறும் ஓதுகின்ற பிள்ளைகள் எத்தனை பேர் கடலைப் பார்த்திருக்கிறார்கள்? நான் பாடம் நடத்தும் மதரஸா கடற்கரையிலிருந்து வெகு தொலைவில் உள்ள உள்நாட்டு ஊரில் இருக்கிறது. அந்நூர் அத்தியாயத்தின் அந்த வசனத்திற்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாளில், நன்றாக மனனம் செய்யக்கூடிய ஒரு மாணவன் எழுந்து, "அலை என்பது நம் கண்மாயில் காற்றடித்தால் வருமே, அதுதானே ஹஜ்ரத்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் பிழை ஏதுமில்லை. அவன் கண்ட பெருநீர் அவ்வளவுதான். அரபுச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல்லைக் கொடுத்துவிட்டோம். அந்தச் சொல் எதைச் சுட்டுகிறதோ அதை அவனுக்குக் காட்டவில்லை. அந்த உவமையின் அச்சம் எவ்வாறு அவன் உள்ளத்தில் இறங்கும்?

பூமியில் பயணம் செய்து, இறைவன் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்பதைப் பார்க்குமாறு அல்அன்கபூத் அத்தியாயம் (29:20) ஏவுகிறது. நடந்து சென்று காண வேண்டும் என்பதே அந்த ஏவல். புத்தகத்தில் உள்ள படமும் கைப்பேசித் திரையில் ஓடும் காணொளியும் அதற்கு ஈடாகா.

வீட்டாரின் உரிமை

நம் சமூகத்தின் ஆண்கள் கடலை நன்கறிந்தவர்கள். இலங்கை, பர்மா, மலாயா, பின்னர் வளைகுடா என்று தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து பொருள் ஈட்டியவர்கள் நம் முன்னோர். அந்த ஆண்களை வழியனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் வீட்டைத் தாங்கியவர்கள் பெண்கள். கடிதத்திற்கும், பின்னர் தொலைபேசிக்கும் காத்திருந்த அந்தப் பெண்களுக்குக் கடல் என்பது கணவனைக் கொண்டுபோன ஒன்று. அதன் கரையில் நிம்மதியாக ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருக்க அவர்களில் எத்தனை பேருக்கு வாய்த்தது?

சல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டிற்குச் சென்றபோது, ஓயாத வணக்கத்தால் அவர் தம் மனைவியைக் கவனிக்காதிருப்பதைக் கண்டார்கள். இறைவனுக்குரிய உரிமையைப் போலவே உடலுக்கும் குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு எடுத்துரைத்தார்கள். அதை நபி (ஸல்) அவர்கள் சரிகண்டதாக புகாரீயில் பதிவாகியுள்ளது. வணக்கத்தைக் காரணம் காட்டியே குடும்பத்தின் உரிமையைத் தள்ளிவைக்க முடியாது என்றால், வியாபாரத்தையும் வேலைப்பளுவையும் காரணம் காட்டித் தள்ளிவைப்பது எவ்வாறு தகும்?

"பெண்களை அழைத்துச் சென்றால் அன்னியர் பார்வை படுமே" என்று பேணுதலுள்ள சிலர் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலைதான். அதற்கான வழியும் நபிவழியிலேயே இருக்கிறது. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் தம்முடன் வந்தவர்களை முன்னே செல்லுமாறு கூறிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முஸ்னது அஹ்மதில் விரிவாகவும் அபூதாவூதில் சுருக்கமாகவும் வரும் செய்தி இது. அந்தப் பந்தயத்தைக் குறிப்பிடாத குடும்பவியல் உரையே இல்லை எனலாம். ஆனால் தோழர்களை முன்னே அனுப்பிய அந்தச் சிறு செயலை நாம் கவனிப்பதில்லை. கண்ணியத்தைக் காக்க வேண்டும் என்பதற்காக நபியவர்கள் மனைவியின் மகிழ்ச்சியை நிறுத்திவிடவில்லை. அந்த மகிழ்ச்சிக்கு வேண்டிய தனிமையைத் தாமே ஏற்படுத்திக் கொடுத்தார்கள். கதவைப் பூட்டுவது எளிது. இடம் ஒதுக்கிக் கொடுப்பதற்குத்தான் முயற்சி வேண்டும். ஆண்மகனின் பொறுப்பு அந்த முயற்சியில் இருக்கிறது.

கடல் ஆண்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவோர் உம்மு ஹராம் (ரலி) அவர்களை நினைத்துப் பார்க்கட்டும். தம் சமூகத்தில் ஒரு கூட்டத்தார் அரியணையில் அமர்ந்த அரசர்களைப் போலக் கடலில் செல்வதைக் கனவில் கண்டு நபி (ஸல்) அவர்கள் புன்னகையுடன் விழித்தபோது, "அவர்களில் என்னையும் ஆக்கும்படி துஆச் செய்யுங்கள்" என்று வேண்டியவர் அந்த அம்மையார். நபியவர்களும் துஆச் செய்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் தம் கணவர் உபாதா பின் ஸாமித் (ரலி) அவர்களுடன் அவர் கடல் கடந்தார். சைப்ரஸ் தீவின் லார்னகா நகருக்கு அருகே அவருடைய அடக்கத்தலம் என்று போற்றப்படும் இடம் இன்றும் இருக்கிறது. கடலுக்கு ஆசைப்பட்ட ஒரு பெண்ணை அல்லாஹ்வின் தூதர் கண்டிக்கவில்லை; அவருக்காகக் கையேந்தினார்கள்.

எளிய விடுதியே போதும்

எங்கே தங்குவது என்பதில்தான் பலர் இரு எல்லைகளில் நிற்கிறார்கள். ஒரு சாரார் நட்சத்திர விடுதியின் நீச்சல் குளத்தையும், நள்ளிரவு வரை நீளும் இசையையும் விரும்பித் தேடுகிறார்கள். மறுசாரார் அதைக் காட்டிக் கடற்கரையே வேண்டாம் என்கிறார்கள். நடுவில் ஓர் எளிய வழி இருக்கிறது. செலவிடும்போது வீண்விரயமும் செய்யாமல், கஞ்சத்தனமும் செய்யாமல் இடைப்பட்ட நிலையில் இருப்பவர்களே அருளாளனின் அடியார்கள் என்று அல்ஃபுர்கான் அத்தியாயம் (25:67) வகுத்துக் காட்டும் வழி அது.

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பகுதிகளில் ஆடம்பரமில்லாத தங்கும் விடுதிகள் உள்ளன. இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, சுத்தமான குளியலறை, நடந்துபோகும் தொலைவில் கடல். குடும்பத்திற்கு இதற்குமேல் தேவையில்லை. பெரிய விடுதியில் பணத்தைக் கொட்டிவிட்டால், கொடுத்த பணத்திற்கு ஈடாக எதையாவது அனுபவித்தாக வேண்டும் என்ற எண்ணம் வந்து, நாள் முழுவதும் விடுதிக்குள்ளேயே கழிந்துவிடும். எளிய அறையில் தங்குபவர் அதில் உறங்க மட்டுமே செய்வார். பகலெல்லாம் ஊரையும் கடலையும் மனிதர்களையும் காண்பார். இதுவும் எளிய விடுதியின் ஒரு பரக்கத்து.

அறையைப் பதிவு செய்வதற்கு முன்பு சிலவற்றைத் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. விடுதியில் மதுக்கூடம் உண்டா? குடும்பங்கள் தங்கும் இடம்தானா? அருகில் பள்ளிவாசல் எங்கே இருக்கிறது? ஹலால் உணவுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும்? கேட்பதற்குக் கூச்சப்பட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த பின் முகம் சுளிப்பதில் பயனில்லை.

பெண்கள் கடலில் கால் நனைக்கச் சிறந்த நேரம் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பிந்திய பொழுது. கூட்டமிராது, வெயிலிராது. நீரில் நனைந்தாலும் உடலோடு ஒட்டாத தடித்த துணியில் தளர்ந்த ஆடை அணிந்துகொண்டால் கூச்சமின்றி விளையாடலாம். இந்தப் பகுதியில் பாம்பன், சின்னப்பாலம் போன்ற ஊர்களின் மீனவப் பெண்கள் சேலைக்கு மேல் சட்டையணிந்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். பிழைப்புக்காக நாளெல்லாம் கடலில் நிற்கும் அவர்களைக் கண்ட பிறகு, உடலை மறைத்த பெண்ணால் கடலில் இறங்க முடியாது என்று எவரும் சொல்ல மாட்டார்.

பயணத்தில் தொழுகை

விடுமுறைப் பயணங்களில் முதலில் பலியாவது தொழுகையே. வீட்டில் ஐவேளையும் தவறாத பிள்ளைகள், வேனில் ஏறியதும் லுஹரை அஸரிலும், அஸரை "அறைக்குப் போய்" என்றும் தள்ளிப்போடப் பழகிவிடுகிறார்கள். பயணத்தில் தொழுகையை விடும் பிள்ளைக்கு, தொழுகை வீட்டோடு சேர்ந்த ஒரு வழக்கம் என்றே மனத்தில் பதியும். பயணத்தில் பெற்றோரோடு மணலில் நின்று தொழும் பிள்ளையோ, இறைவன் எல்லா இடத்திற்கும் உரியவன் என்பதைக் கற்றுக்கொள்ளும்.

மார்க்கம் இதில் எவ்வளவு இலேசாக்கித் தந்திருக்கிறது! மதுரையிலிருந்து ராமேசுவரம் ஏறத்தாழ 170 கி.மீ.; ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளின்படியும் அது கஸ்ருக்குரிய தூரம். ராமநாதபுரத்திலிருந்து வருபவருக்கோ சுமார் 55 கி.மீ.தான், அவர் முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள்கள் தங்க எண்ணினால் பயணச் சலுகை முடிந்துவிடும். ஹனஃபீ மத்ஹபில் பதினைந்து நாள்கள். எனவே இரண்டு இரவு தங்கும் குடும்பம் ஊர் திரும்பும்வரை நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழும்போது மட்டும் முழுமையாகத் தொழ வேண்டும்.

லுஹரையும் அஸரையும், மஃக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுவது ஷாஃபிஈ மத்ஹபில் பயணிக்கு ஆகுமானது. ஹனஃபீ மத்ஹபினர் அவ்வாறு சேர்ப்பதில்லை. எனினும் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் ஆரம்ப நேரத்திலும் அடுத்தடுத்துத் தொழுதுகொள்ளலாம். ஒரே வேனில் இரு மத்ஹபினரும் இருப்பது நம் குடும்பங்களில் இயல்பு. அங்கே விவாதம் வேண்டாம். அவரவர் வழியில் அவரவர் தொழட்டும். ஒருவருக்காக மற்றவர் சற்றுக் காத்திருக்கட்டும்.

உளூவுக்குத் தண்ணீர் இல்லையே என்று கடலின் முன் நின்றுகொண்டு சொல்பவரும் உண்டு. கடலில் செல்லும்போது குடிநீர் குறைவாக இருப்பதால் கடல் நீரில் உளூச் செய்யலாமா என்று தோழர் ஒருவர் கேட்டபோது, அதன் நீர் தூய்மையாக்கக் கூடியது, அதில் இறந்ததும் ஹலால் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். திர்மிதீ, அபூதாவூத் முதலிய நூல்களில் உள்ள ஹதீஸ் இது. உளூவுக்குக் கடல் நீர் போதும். தொழுமிடத்திற்கு மணல் போதும். கிப்லா மேற்கே, சற்று வடக்குச் சாய்வாக இருக்கிறது. கிழக்கே கடல் பார்த்த கரையில் நாம் தொழ நிற்கும்போது கடல் நம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அதுவரை கண்ணை விட்டு அகலாத கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு, அதைப் படைத்தவன் பக்கம் திரும்புகிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மறக்க மாட்டார்கள்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். கடற்கரையில் நண்டு வறுவலைக் கண்டதும் "கடலில் உள்ளதெல்லாம் ஹலால்தானே" என்று பலர் கேட்பார்கள். நண்டு நீரிலும் நிலத்திலும் வாழ்வது என்பதால் ஷாஃபிஈ மத்ஹபின் முதன்மையான கருத்துப்படி அது கூடாது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் தெளிவாகவே உள்ளது. ஹனஃபீ மத்ஹபில் மீன் இனம் தவிர்த்த பிற கடல் உயிர்கள் கூடாது. இறால் மீன் இனத்தைச் சேர்ந்ததா என்பதில் மட்டும் அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மீனுக்குப் பஞ்சமில்லாத கரையில் ஐயத்திற்குரியதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பாம்பன் முதல் அரிச்சல்முனை வரை

மண்டபத்திலிருந்து தீவுக்குள் நுழையும்போதே பாடம் தொடங்கிவிடுகிறது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலமும், 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலமும், 2025இல் பயன்பாட்டுக்கு வந்த புதிய ரயில் பாலமும் அடுத்தடுத்து எழுந்தவை. ஒரு காலத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட ரயில் இவ்வழியே தனுஷ்கோடி வரை சென்றது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், பிறகு மீண்டும் ரயிலில் கொழும்பு. நம் பாட்டனார்களில் பலர் தலையில் தொப்பியும் கையில் தகரப் பெட்டியுமாக இலங்கைக்குப் பிழைக்கப் போன வழி அது.

அந்தத் தனுஷ்கோடியை 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு புயலும் கடலும் விழுங்கின. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு அலையில் அடித்துச் செல்லப்பட்டது. ஊர் வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டது. இடிந்த தேவாலயத்தின் சுவரும் ரயில் நிலையத்தின் எச்சங்களும் இன்றும் நிற்கின்றன. அவற்றின் முன் நின்று சிரித்தபடி படமெடுத்துக்கொள்ளும் முன்பு, ஒரு கணம் நின்று, அந்த இரவை எண்ணிப் பாருங்கள். முன்சென்றோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அங்கே இறந்தவர்கள் பாவிகள் என்று தீர்ப்பளிக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. நாமும் அவர்களைப் போலவே வலுவற்றவர்கள் என்பதே அங்கு நாம் பெற வேண்டிய படிப்பினை.

அதற்கப்பால் அரிச்சல்முனை. சாலை முடிந்து நிலமும் முடியும் இடம். ஒரு புறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. அமைதியான பக்கத்தைப் பெண்கடல் என்றும் சீறும் பக்கத்தை ஆண்கடல் என்றும் இப்பகுதி மக்கள் அழைக்கிறார்கள். காற்றுப் பருவம் மாறினால் அமைதியும் சீற்றமும் இடம் மாறிக்கொள்வதும் உண்டு. இங்கு வருபவர்களில் சிலர், அர்ரஹ்மான் அத்தியாயம் (55:19, 20) கூறும் இரு கடல்களும் இவைதாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதைக் கேட்கிறோம். இதில் நிதானம் வேண்டும். இரு கடல்களில் ஒன்று இனிய நீர், மற்றொன்று உவர் நீர் என்று அல்ஃபுர்கான் அத்தியாயம் (25:53) விவரிக்கிறது. விரிவுரையாளர்களில் பலர் அர்ரஹ்மான் வசனத்தையும் அதனோடு இணைத்தே விளக்கியிருக்கிறார்கள். அரிச்சல்முனையின் இரு புறமும் இருப்பது உவர் நீர்தான். கண்ணுக்கு வியப்பாகத் தோன்றும் ஒவ்வோர் இடத்தையும் ஒரு வசனத்தோடு முடிச்சுப்போட்டுவிட்டால், நாளை அந்தப் பிள்ளை உண்மையை அறியும்போது ஐயம் அந்த வசனத்தின் மீது விழும். "இதையெல்லாம் படைத்தவனின் ஆற்றலைப் பார்" என்று சொன்னாலே போதும். அந்த முனையில் நீரோட்டம் கடுமையானது. அங்கு இறங்கிக் குளிப்பது உயிருக்கு ஆபத்து. நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ளக் கூடாது என்ற கட்டளை (2:195) அங்கே நேரடியாகப் பொருந்தும்.

திரும்பும் வழியில் பேக்கரும்பில் அப்துல் கலாம் அவர்களின் நினைவிடம் இருக்கிறது. 1931இல் ராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் பிறந்து, நாட்டின் குடியரசுத் தலைவரான அவருடைய தந்தையார் ஜைனுலாப்தீன் ஒரு படகுக்காரர். ராமேசுவரத்திற்கு வந்த இந்து யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்குத் தம் படகில் ஏற்றிச் சென்றவர். அவரும் ராமநாதசுவாமி கோயிலின் குருக்களும் நெருங்கிய நண்பர்கள் என்பதைக் கலாம் தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். தொழுகையில் உறுதியாக இருந்த ஒரு முஸ்லிம், தம் ஊருக்கு வந்த மாற்று மதத்தவருக்குத் துடுப்புப் போட்டு நேர்மையாகக் கூலி வாங்கி வாழ்ந்தார். நல்லிணக்கம் பற்றி நாம் நடத்தும் எத்தனையோ கூட்டங்களை விட இந்த ஒரு வாழ்க்கை பிள்ளைகளுக்குப் புரியும்.

கீழக்கரையை விட்டுவிடாதீர்கள்

இந்தக் கடற்கரைக்கு வருபவர்கள் அரை நாளைக் கீழக்கரைக்கு ஒதுக்க வேண்டும். கடலிலிருந்து ஆபரணம் எடுப்பதை நாம் ஓதுகிறோம் அல்லவா? அந்த வசனத்தை வாழ்ந்து காட்டிய ஊர் அது. மன்னார் வளைகுடாவின் முத்தும் சங்கும் அவ்வூரின் குளியாளிகளாலும் மரைக்காயர் வணிகர்களாலும் உலகச் சந்தைக்குப் போயின. அந்தச் செல்வத்தில் ஒரு பகுதி கல்வியாகவும் பள்ளிவாசலாகவும் மாறியது.

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி எழுப்பிய கல்லாலான ஜும்ஆப் பள்ளியைப் பாருங்கள். திராவிடக் கட்டடக்கலையின் தூண்களும் உத்தரங்களும் அப்படியே இருக்கும். உருவங்கள் மட்டும் இருக்காது, பூவும் கொடியும் இருக்கும். ஈமானில் சமரசமில்லாமல் மண்ணோடு இசைந்து வாழ்வது எவ்வாறு என்பதற்கு அந்தத் தூண்களே சான்று. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் அவர். அக்காலத்துப் பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் வாழ்ந்து கற்பித்த ஊரும் இதுவே. 19ஆம் நூற்றாண்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் அர்வி என்னும் அரபுத் தமிழில் ஃபிக்ஹு நூல்களை எழுதினார்கள். அரபு எழுத்தை மட்டும் ஓதத் தெரிந்த பெண்களும் தமிழில் மார்க்கச் சட்டத்தைப் படித்தறிய அந்த எழுத்துமுறை வழி செய்தது. பெண்களின் கல்விக்கு இந்தக் கடற்கரையில் நீண்ட வரலாறு இருக்கிறது என்பதை நம் பெண்பிள்ளைகள் அங்கேயே நின்று தெரிந்துகொள்ளட்டும்.

ஊராருக்கும் கடலுக்கும் உள்ள உரிமை

நாம் விருந்தினராகச் செல்கிறோம். விருந்தினருக்கும் கடமைகள் உண்டு. ஆடி, தை அமாவாசை நாள்களில் ராமேசுவரத்திற்கு மக்கள் வெள்ளமெனத் திரள்வார்கள். அது அவர்களின் வழிபாட்டு நாள். நம் உல்லாசப் பயணத்தை வேறொரு நாளில் வைத்துக்கொள்வது நாகரிகம். தீவிலும் சுற்றுவட்டாரத்திலும் நல்ல தண்ணீர் அரிது. ஒரு முத்து அளவு, அதாவது சில கையளவு நீரில் உளூச் செய்த நபியின் உம்மத்தினர், விடுதிக் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கக் கூடாது. அறையைக் காலி செய்யும்போது அதைச் சுத்தம் செய்ய வரும் பெண் நம்மைச் சபிக்காத அளவுக்கேனும் அது இருக்க வேண்டும். விடுதியின் துண்டும் போர்வையும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்திற்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. பவளப்பாறையை எடுப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அழகுப் பொருளாக எவரேனும் விற்றாலும் வாங்காதீர்கள். கரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றியது மனிதக் கைகள் செய்தவற்றால்தான் என்று அர்ரூம் அத்தியாயம் (30:41) எச்சரிக்கிறது. நாம் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு நெகிழிப் பையைக் காற்றில் பறக்கவிடும்போது அந்த வசனத்திற்கு உரை எழுதிக்கொண்டிருக்கிறோம். வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், இடையூறை ஏற்படுத்துவது எதன் கிளை?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நம் பிள்ளைகளின் கோடை விடுமுறை பெரும்பாலும் அந்நாள்களில்தான் அமைகிறது. அப்போது படகுகள் கரையில் வரிசையாக நிற்கும். படகுத் தொழிலாளிகளுக்கு வருமானம் இராது. நாட்டுப்படகுக்காரர் கொண்டுவரும் மீனை, கடற்கரையில் அமர்ந்து விற்கும் அம்மையாரிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். நமக்கு விடுமுறையான அந்நாள்கள் அவர்களுக்கு நெருக்கடிக் காலம். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மீன்வளம் பெருக வேண்டும் என்று கடலுக்கே ஆண்டில் 61 நாள் ஓய்வு கொடுத்திருக்கிறது சட்டம். ஆண்டு முழுவதும் அடுப்படியில் நிற்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுக்க நமக்கு எந்தச் சட்டம் வேண்டும்?

இரண்டு வேண்டுகோள்கள்

முதலாவது, உள்நாட்டு ஊர்களின் மதரஸா நிர்வாகிகளுக்கு. ஹிஃப்ளு மதரஸா, நிஸ்வான் மதரஸா எதுவாயினும், ஆண்டில் ஒரு முறை பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். நிஸ்வான் மாணவிகளை ஆசிரியைகளும் மஹ்ரமான பெரியவர்களும் உடனிருந்து அழைத்துச் செல்லலாம். ஆண்டு விழாவின் மேடை அலங்காரத்திற்கு ஆகும் செலவு இதற்குப் போதும். கடலைக் குறிக்கும் வசனங்களைப் பத்து நாள் முன்பே பாடமாக நடத்திவிட்டு, பிறகு கரையில் அமர்த்தி அவர்களையே ஓதச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கடலோர ஊர்களின் ஜமாஅத்தார்களுக்கு. வெளியூர்க் குடும்பம் ஒன்று லுஹர் நேரத்தில் உங்கள் பள்ளிவாசலுக்கு வந்து நின்றால், ஆண்கள் உள்ளே போய்விடுகிறார்கள். பெண்கள் வேனுக்குள் வியர்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்த வேளைத் தொழுகை தவறிவிடுகிறது. பள்ளியின் வளாகத்தில் தனி வாசலுடன் ஓர் அறை, உளூவுக்கு இரண்டு குழாய், ஒரு கழிப்பிடம். பயணத்தில் வரும் பெண்களுக்கென்று இவ்வளவு செய்துகொடுத்தாலே, அங்கு தொழும் ஒவ்வொரு பெண்ணின் ஸஜ்தாவிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. முன்னோர்கள் வழிப்போக்கர்களுக்காகச் சத்திரமும் கிணறும் வக்ஃபு செய்தார்கள். இன்றைய வழிப்போக்கரின் தேவை இதுதான்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை நன்மையானவையாக ஆக்கிவைப்பானாக! அவனுடைய படைப்புகளைக் கண்டு அவனை அறிந்துகொள்ளும் உள்ளங்களை நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! நம் வீட்டாருக்கு நாம் செலுத்த வேண்டிய உரிமைகளை நிறைவாகச் செலுத்த நல்லருள் புரிவானாக! ஆமீன்.